கோழிக்கட்டு

அந்தச் சரக்குக் கொட்டகையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேனேஜரில் தொடங்கி வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பெல்ட்டக்காதான். விமானத்தில் ஏற்றுகிற சரக்கு அசையாமல் இருக்க, தரையில் பதித்த வளையங்களில் கொக்கியை மாட்டி, மேலே பட்டையான பெல்ட்டைப் போட்டு இறுக்குவார்கள். அந்த வேலைக்கு அவள்தான் தலைமை. யார் கட்டினாலும் கடைசியில் அவள் கை வைத்துப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். அந்த "சரி" வராமல் விமானத்தின் கதவு மூடாது.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கொக்கியை அரைகுறையாக மாட்டியவன் அவள் கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான். "உன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டினாலும் இப்படித்தான் கட்டுவியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள். திட்டு வாங்கியவனே மறுநாள் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். அப்படி ஒரு ராசி அவளுக்கு.

அவளிடம் இரண்டு விதமான கட்டு உண்டு. ஒன்று கோழிக்கட்டு, இன்னொன்று இரும்புக்கட்டு. தினமும் காலையில் கிளம்பும் அந்தச் சின்ன விமானத்தில் முக்கால்வாசி சரக்கு கோழிக்குஞ்சுதான். முட்டையை விட்டு வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் வரும். பெல்ட்டை இறுக்கினால் பெட்டி நசுங்கும், காற்று போகாது, இறங்குகிற ஊரில் பாதிப் பெட்டி செத்துத்தான் இறங்கும். அதனால் கோழிப்பெட்டிக்கு மேல் போடும் பெல்ட்டில் நாலு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழைந்தால் "சரி". இரும்புச் சாமான் என்றால் அப்படியே நேர்மாறு, நகம்கூட நுழையக் கூடாது. அட்டைப்பெட்டி கொஞ்சம் அசைந்தால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. கனமான சாமான் நகர்ந்தால் விமானமும் அதோடு சேர்ந்து போய்விடும். இந்தப் பாடத்தை அந்தக் கொட்டகைக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

அந்த விமானத்தின் இரண்டாவது விமானி அவளுடைய தம்பி. கூடப் பிறந்த ஒரே தம்பி. அம்மா கண்ணை மூடியபோது அவனுக்குப் பால் பல்கூட விழுந்திருக்கவில்லை. அப்பாவோ, வீட்டுக்கு வந்தால் கை நீட்டி அடிப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாதவர். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அக்காதான். கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம், "எனக்குத்தான் ஏற்கனவே ஒரு பிள்ளை இருக்கே, அது போதாதா?" என்று சிரித்தபடியே வாயை அடைத்து அனுப்பினாள். அவன் விமானி உடுப்பில் முதல் தடவை வீட்டில் வந்து நின்றபோது அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. காட்டிக்கொள்வாளா? "தோள்ல ரெண்டு கோடு போட்டா பெரிய ஆளா? மொதல்ல சாப்பிட்ட தட்டைக் கழுவி வை" என்றாள். அவனும் உடுப்போடு போய்த் தட்டைக் கழுவினான்.

கொட்டகையில் அவனைச் சின்ன கேப்டன் என்பார்கள். அவனுக்கு மேலே இருந்தவர் பெரிய கேப்டன். தலை நரைத்தவர், யாரையும் அதட்டத் தெரியாத மனுஷர். சின்னவனைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வைத்திருந்தார்.

அன்றைக்குக் கோழிப்பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. அவள் ஒவ்வொரு பெல்ட்டாக விரல் விட்டுப் பார்த்து முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்ட நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே தண்ணீர் இறைக்கும் பெரிய மோட்டார். மரச்சட்டத்தின் மேல் உட்காரவைத்து ஆணி அடித்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனம். வேனுக்குப் பின்னாலேயே மேனேஜர் ஓடி வந்தார்.

"பெல்ட்டக்கா, இதையும் ஏத்திடுங்க. இன்னைக்கே போயாகணும், மேலேர்ந்து கழுத்தைப் பிடிக்கிறாங்க."

"இப்ப வந்து சொன்னா எப்படி சார்? கனம் முன்னாடி போகணும். எல்லாப் பெட்டியையும் எறக்கிட்டுத்தான் இதை ஏத்தணும்."

"எறக்கி ஏத்தறதுக்குள்ள எல்லாக் குஞ்சும் வெந்து போயிடும். அதுங்க சத்தத்தை நீங்களே கேளுங்க."

கேட்டாள். வெயில் ஏறியிருந்தது. விமானத்தின் உள்ளே அடுப்படி மாதிரி கொதித்தது. பெட்டிகளுக்குள்ளிருந்து வந்த கீச்சுச் சத்தம் காலையில் இருந்ததைவிட மெலிந்திருந்தது. குஞ்சுகள் சோர்ந்துவிட்டன என்று அர்த்தம். அந்தச் சத்தம் மெலிந்தால் அவளுக்குப் பொறுக்காது. பெரிய கேப்டனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் மோட்டாரைப் பார்த்தார், கதவோரத்து இடத்தைப் பார்த்தார், மனக்கணக்குப் போட்டார்.

"இங்கயே வெச்சுக்கலாம், பெல்ட்டக்கா. கொஞ்சம் வால் பக்கம் கனம்தான். ஆனா எடத்தை விட்டு அசையாம இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரைத் தூக்கிக் கதவோரத்தில் வைத்தது. அவள் ஒரு பக்கம் கொக்கி மாட்டினாள். மறுபக்கம் மொட்டை இழுத்தான். தலை நிறைய முடி வைத்திருக்கிறவனுக்கு ஏன் மொட்டை என்று பெயர் வந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் பெல்ட்டக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளோடு வேலை செய்தே அவனுக்கும் பாதி வயசு போய்விட்டது.

"போதுமாக்கா?" என்றான்.

அவள் பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டாள். நாலு விரல் தாராளமாக நுழைந்தது. காலையிலிருந்து அந்தக் கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. காது முழுக்கக் கீச்சுச் சத்தம், மனசு முழுக்க எப்போது கதவை மூடிக் கிளப்புவார்கள் என்கிற அவசரம். "சரி" என்றாள்.

பெரிய கேப்டன் கதவருகே வந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "பெல்ட்டக்கா கட்டினதை நான் வேற பாக்கணுமா?" என்று சிரித்துவிட்டு முன்னால் போனார். சின்னவன் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அன்றைக்குப் புறப்பாட்டை அவனையே செய்யச் சொல்லியிருந்தார் பெரியவர்.

கொட்டகை வாசலில் நின்று விமானம் ஏறுவதைப் பார்ப்பது அவளுக்கு வழக்கம். பார்க்காதவள் மாதிரி பார்ப்பாள். விமானம் ஓடியது, சக்கரம் தரையை விட்டது, மூக்கைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே போனது. எந்த விமானமும் அப்படித் தூக்காது. யாரோ வாலைப் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரி அது வானத்தைப் பார்த்து நின்றது. மோட்டார் நகர்ந்துவிட்டது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. விரலைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது, தான் கோழிக்குப் பார்க்கிற மாதிரி இரும்புக்குப் பார்த்திருக்கிறோம் என்று. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வெறும் திடலில் விழுந்தது.

எல்லோரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள், எப்படி ஓடினாள் என்பது அவளுக்கே தெரியாது. விமானம் இரண்டாக ஒடிந்து, முன்பாதி எரிந்துகொண்டிருந்தது. திடல் முழுக்கக் கோழிக்குஞ்சுகள். அட, அதை எங்கே போய்ச் சொல்ல! ஒடிந்த இடம் வழியாகச் சிதறிய பெட்டிகளிலிருந்து மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள் எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி புல்லைக் கொத்திக்கொண்டு திரிந்தன. பெரிய கேப்டனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. சின்னவனை எடுத்தபோது இருந்தது. அவன் முகத்தில் ஒன்றும் ஆகவில்லை, புருவம் மட்டும் பொசுங்கியிருந்தது. கழுத்துக்குக் கீழே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு டாக்டர் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பூசி மெழுகுகிற ஆள் இல்லை.

"இப்போ அவர் தெளிவா பேசுவார். வலிகூட அவ்வளவா தெரியாது. நரம்பெல்லாம் எரிஞ்சு போச்சு, அதனாலதான். அதைப் பாத்து நம்பிக்கை வெச்சுக்காதீங்க. சீக்கிரமே சிறுநீரகம், நுரையீரல்னு ஒவ்வொண்ணா கையை விரிச்சிடும். அப்போ குழாய் போட்டுத் தூங்க வெச்சிடுவோம். அதுக்கப்புறம் அவர் முழிக்க மாட்டார். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவள் தலையை ஆட்டினாள். முகமூடியும் நீல அங்கியும் மாட்டிவிட்டு உள்ளே அனுப்பினார்கள்.

கழுத்து வரை வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தான். கண் திறந்திருந்தது.

"அக்கா, பெரியவர் போயிட்டார்ல?"

"பேசாம படுடா."

"யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்குத் தெரியும். நான்தான்க்கா கொன்னுட்டேன்."

அவள் கட்டிலை ஒட்டி இன்னும் கிட்டே போனாள்.

"நான் ஸ்டிக்கை ரொம்ப இழுத்துட்டேன்க்கா. மூக்கு மேல போயிடுச்சு. 'அமுக்குடா, அமுக்குடா'ன்னு கத்தினார். நான் அமுக்கினேனா, பயத்துல இழுத்துப் பிடிச்சுட்டேனா, ஞாபகமே இல்ல. அவர் கத்தினது மட்டும் காதுல இருக்கு. அவர் வீட்டு அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அவங்க வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன்!"

அமுக்கியிருப்பான். இருக்கிற பலம் அத்தனையையும் போட்டு அமுக்கியிருப்பான். வாலில் போய் மோட்டார் உட்கார்ந்துகொண்டால் எந்தக் கொம்பன் அமுக்கினாலும் மூக்கு இறங்காது. அவளுக்கு அது தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிற பாரம் இறங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், அவன் சாகும்போது அக்காதான் தன்னைக் கொன்றவள் என்று பார்த்துக்கொண்டே சாவான். உலகத்தில் அவளைப் பாசமாகப் பார்க்க இருந்தது அந்த இரண்டு கண்தான். சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. "எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், தூங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை விசாரணை அதிகாரி ஒருவர் அவனிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பேசினான், பேசினான், அப்புறம் அழுதான். கண்ணீரைத் துடைக்க அவனுக்குக் கை இல்லை, இரண்டும் துணிச் சுற்றுக்குள் கிடந்தன. அதிகாரி தன் கைக்குட்டையை எடுத்துவிட்டு, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு அவளால் தாங்க முடியவில்லை. அவர் வெளியே வந்ததும் உள்ளே போனாள்.

"டேய், கேளு. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. நீ இழுத்ததால மூக்கு தூக்கல. மோட்டார் வாலுக்குப் போயிடுச்சு. நான் சரியா கட்டல."

அவன் அவளையே பார்த்தான்.

"சத்தியமாடா. மோட்டாருக்கு நான் கோழிக்கட்டு போட்டுட்டேன். நாலு விரல் போச்சு, 'சரி'ன்னு சொல்லிட்டேன். நான்தான்டா பண்ணினேன். பெரியவரையும் நான்தான், உன்னையும் நான்தான்."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கத்துவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான், வெளியே போ என்பான் என்று காத்திருந்தாள். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான்!

"நீயா? இரும்புக்குக் கோழிக்கட்டா? கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லுக்கா."

"டேய், நெசமா..."

"பக்கத்து வீட்டு ஜன்னலை நான் ஒடைச்சப்பவும் இதே மூஞ்சிதான் வெச்சிருந்த. 'நான்தாம்ப்பா ஒடைச்சேன்'னு அப்பா முன்னாடி போய் நின்ன. பெல்ட்டாலயே விளாசினார். சைக்கிளைத் தொலைச்சப்பவும் நீதான். பரீட்சையில கோட்டை விட்டப்போ, 'நான்தான் அவனைப் படிக்க விடல'ன்னு வாத்தியார்கிட்டப் போய்ச் சொன்னதும் நீதான். என் மேல விழறதெல்லாம் நீயே வாங்கிக்குவ. இதையும் வாங்கிக்காதக்கா. இது பெரிசு."

"உன் மேல சத்தியம்டா!"

"எனக்காக நீ என் மேலயே பொய்ச்சத்தியம் பண்ணுவ. எனக்குத் தெரியாதா உன்னை?"

தலைகீழாக நின்று பார்த்தாள். பெல்ட் எப்படி இருந்தது, மொட்டை எந்தப் பக்கம் இழுத்தான், மேனேஜர் என்ன சொன்னார், ஒன்று விடாமல் சொன்னாள். அவள் விளக்கமாகச் சொல்லச் சொல்ல அவனுக்கு அது இன்னும் ஜோடித்த கதையாகத்தான் தெரிந்தது. "எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்க, பாவம், தூங்கவே இல்லையா?" என்று கேட்டான். அப்படிக் கேட்ட பிறகு அவளுக்கு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

அடுத்து அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்தவன் வந்து சொல்ல வேண்டும். விழுந்தடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை. திடலில் பிடித்த குஞ்சுகளை ஒரு மூலையில் தகரம் வைத்து மறித்து விட்டிருந்தார்கள், அவை கத்திக்கொண்டிருந்தன. மேனேஜர் அவளைக் கண்டதும் ஓடி வந்து குரலைத் தாழ்த்தினார். "புறப்பாட்டுல விமானி தப்புன்னு தம்பியே சொல்லிட்டாராம். நீங்க எதையும் கிளற வேண்டாம், பெல்ட்டக்கா. அவரே போகப் போறவர், அவரை இனிமே யார் என்ன செய்ய முடியும்?" என்றார். அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அந்த வாய் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. மொட்டையைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"பெல்ட் தளர்வா இருந்துச்சுல்ல? உனக்குத் தெரியும்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இழுக்கும்போதே தோணுச்சுக்கா. இது மோட்டாராச்சே, இன்னும் ஒரு இழுப்பு இழுக்கலாமேன்னு. நீங்க சரின்னீங்க. நீங்க சரின்னா சரிதானே."

"அதை அப்படியே வந்து அவன்கிட்ட சொல்லு. அது போதும். வேற எதுவும் வேண்டாம்."

"உங்களுக்கு ஏதாவது வந்துடும்க்கா. உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

"போடட்டும். நீ வா."

வந்தான். அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டே உள்ளே வந்தான். சின்னவனுக்குக் காலையில் இருந்ததைவிட முகம் ஊதியிருந்தது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. டாக்டர் அம்மா வாசலில் நின்று, சீக்கிரம் என்று கையைக் காட்டினாள்.

"மொட்டையண்ணன் வந்திருக்கார்டா. அவரே சொல்லுவார், கேளு. சொல்லு மொட்டை."

சின்னவன் கண்ணை மட்டும் திருப்பினான். "சொல்லுங்கண்ணே. அக்கா மோட்டாரைத் தளர்வாத்தான் கட்டினாளா?"

மொட்டை அவனைப் பார்த்தான். அப்புறம் பெல்ட்டக்காவைப் பார்த்தான். முகமூடிக்கு மேலே தெரிந்த அவள் கண்ணில் என்ன கண்டானோ! இத்தனை வருஷமாகத் தனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவள், தன்னைத் திட்டியவள், தன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ராத்திரி பகலாகக் கூட இருந்தவள் நிற்கிறாள். அவளைக் காட்டிக் கொடுக்கும்படி அவளே சொல்கிறாள், அதுவும் சாகக் கிடக்கிற அவளுடைய தம்பியிடமே. பாவி, அவனுக்கு வாய் வரவில்லை. வந்தபோது வேறு வார்த்தை வந்தது.

"என்ன சார் பேசறீங்க? அக்கா கட்டினா அசையுமா? நகம் நுழையாது சார், அப்படி இறுக்கியிருந்தாங்க. நான்தானே இந்தப் பக்கம் புடிச்சேன்."

அவளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. "டேய் மொட்டை!" என்று கத்தினாள். அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். நர்ஸ் ஓடி வந்து இருவரையும் விலக்கி, மொட்டையை வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

"பாத்தியாக்கா?" என்றான் சின்னவன். அவன் குரலில் கோபம் இல்லை, ஜெயித்த சந்தோஷமும் இல்லை. வெறும் அலுப்புதான் இருந்தது. "ஒரு கொஞ்ச நேரம் நானும் நெனச்சேன், நீ சொல்றது நெசமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு. நெசமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்கூட. தப்பு, அப்படி நெனச்சிருக்கக் கூடாது."

"நெசம்டா! அவன் எனக்காகப் பொய் சொல்றான்டா!"

"எல்லாரும் யாருக்காவது பொய் சொல்லிட்டே இருக்கீங்க." மூச்சு வாங்கினான். "எனக்கு ஒண்ணு மட்டும் செய். பெரியவர் வீட்டுக்குப் போ. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அந்த அம்மாகிட்டச் சொல்லு. நான் பயந்துட்டேன், வேணும்னு செய்யலன்னு சொல்லு. சொல்லுவியா?"

அவள் வாயைத் திறந்தாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? சரி என்றுதான் எப்படிச் சொல்வது? அதற்குள் டாக்டர் அம்மா உள்ளே வந்து, நேரமாகிவிட்டது, இனிமேல் குழாய் போட வேண்டும் என்றாள். தம்பி அவள் பதிலுக்காகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்றேன்டா" என்றாள்.

வெளியே நடைபாதையில் மொட்டை சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அழுது அழுது முகமெல்லாம் ஈரம். அவளைப் பார்த்ததும் கிட்டே வந்தான்.

"உங்க பேரைக் கெடுக்க என்னால முடியலக்கா. அவர் மனசுலயாவது நீங்க நல்லபடியா இருக்கணும்ல? நான் சொன்னது சரிதானே?"

அவள் அவனை அறையவில்லை. அறைந்து என்ன ஆகப் போகிறது? கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே நாலைந்து பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள், தம்பி தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் கண் திறக்கவே இல்லை. நாலைந்து நாள் மெஷின் மூச்சு விட்டது. அவன் காதோரம் குனிந்து அவள் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நர்ஸுகள் அவள் ஏதோ தாலாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தொந்தரவு செய்யாமல் விட்டார்கள். அப்புறம் ஒரு மத்தியானம் மெஷினை நிறுத்தினார்கள்.

அடக்கம் முடிந்த கையோடு அந்த விசாரணை அதிகாரியைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனுஷர், உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். தீ பின்பக்கமும் பரவிப் பெல்ட்டெல்லாம் எரிந்து போய்விட்டது என்றார். வால் ஒடிந்து மோட்டார் எங்கேயோ போய் விழுந்திருக்கிறது, எப்போது நகர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். கூட இருந்த தொழிலாளி கட்டு இறுக்கமாக இருந்தது என்று சொல்லிவிட்டான். விமானியே தன் தப்பு என்று தன் வாயால் சொல்லிவிட்டார். "தம்பியைப் பறிகொடுத்திருக்கீங்க. உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா" என்று எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மிச்சம் இருந்தது ஒரு வீடுதான். பெரிய கேப்டன் வீட்டு வாசலில் அவருடைய செருப்பு இன்னும் அப்படியே கிடந்தது. அவர் மனைவி கதவைத் திறந்தாள். முகம் வீங்கி, தலை வாராமல், ஆனால் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீங்க சின்னவனோட அக்காதானே? அவனும் போயிட்டான்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். உள்ள வாங்க."

"உள்ள வர்ற யோக்கியதை எனக்கு இல்லம்மா" என்றாள் பெல்ட்டக்கா. "மோட்டாருக்கு நான் கோழிக்கட்டு போட்டுட்டேன்."

விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விமானி வீட்டுக்காரிக்குக் கோழிக்கட்டு என்றால் தெரியாதா? சாப்பாட்டு மேஜையில் எத்தனை தடவை கேட்டிருப்பாள்! கதவைப் பிடித்திருந்த கை நழுவியது. பெல்ட்டக்காவின் முகத்தையே பார்த்தாள். சாட்சி கேட்கவில்லை, சத்தியம் கேட்கவில்லை. பார்த்த அந்தப் பார்வையிலேயே நம்பிவிட்டாள்.

"அப்ப அந்தப் பையன்?"

"அவன் மேல ஒரு தப்பும் இல்லம்மா."

"அவன்கிட்ட சொன்னியா நீ?"

"சொன்னேன். நம்பல."

"எனக்கு உன் மூஞ்சியைப் பாத்ததுமே தெரியுதே. கூடவே வளந்தவனுக்குத் தெரியாமப் போச்சா?" அந்த அம்மாவின் குரல் ஏறியது. "ஏன் நம்பல? சொல்லு, ஏன் நம்பல?"

"அவனுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்மா" என்றாள் பெல்ட்டக்கா.

அந்த அம்மா ஓங்கி அவள் கன்னத்தில் ஒன்று விட்டாள். பெல்ட்டக்கா நகரவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. இன்னொரு அடி விழுமென்று நின்றுகொண்டிருந்தாள். விழவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.